பறிக்காமல் விட்ட செடி

பனி இறங்கிய நாட்களில் எங்கள் கங்காணி எங்களைக் காதால்தான் எண்ணுவார். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலை மலைகளில் பனி வந்துவிட்டால் நம்முடைய இரண்டு கையும் நம் முன்னால் இருக்கிற ஒரு செடியும் தெரியும், அதற்கு அப்பால் ஒன்றும் கிடையாது. தண்ணீர் ஓட வெட்டிய கான்கள் மலை முழுக்க இருக்கும். ஒருத்தி கால் தவறி உள்ளே விழுந்து கிடந்தாலும் பக்கத்து நிரைக்காரிக்குத் தெரியாது. அதனால் கங்காணி கீழே பாதையில் நின்றுகொண்டு அரை மணிக்கு ஒரு தரம் "ஆளு இருக்கா?" என்று கத்துவார். நிரையின் முதல் ஆளிலிருந்து ஒவ்வொருத்தியாக "இருக்கேன்" என்று குரல் கொடுத்துக்கொண்டே வர வேண்டும். எல்லாக் குரலும் வந்து சேர்ந்த பிறகுதான் அவர் வெற்றிலையை வாயில் போடுவார்.

நாங்கள் பதினெட்டுப் பெண்கள். ஆறாம் நம்பர் மலையில் மட்டும் எனக்குப் பத்தொன்பது குரல் கேட்கும்.

என் நிரை கடைசி நிரை. எனக்கு வலது பக்கம் தேயிலை உண்டு, ஒரு கறுப்புப் பாறை உண்டு, ஆள் கிடையாது. நான் "இருக்கேன்" என்று சொல்லி முடித்து ஒரு மூச்சு விட்டதும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வரும். என் இடுப்பு உயரத்திலிருந்து வரும். சொல் தெளிவாக இருக்காது, ஆனால் அதே ஏற்றம், அதே இறக்கம். பாறையில் பட்டுத் திரும்புகிற எதிரொலி அது என்று பிற்பாடு படித்தவர்கள் இரண்டு மூன்று பேர் எனக்கு விளக்கிவிட்டார்கள். நல்லது. கங்காணியின் தொண்டைக்குப் பதில் சொல்லாத பாறை எனக்கு மட்டும் ஏன் சொன்னது என்று கேட்டேன். அவர்கள் பேச்சை மாற்றிவிட்டார்கள்.

அந்தப் பக்கம் யார் இருந்து பதில் சொல்வது என்று அப்போது எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. என் மகள்தான்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் ஒரு ஆனி மாதம் அவள் பிறந்தாள். ஐந்து நாளாக விடாத மழை. ஏழாம் மாதத்திலேயே எனக்கு வலி கண்டுவிட்டது. பாதை இரண்டு இடத்தில் சரிந்து கிடந்ததால் ஹட்டனுக்குக் கொண்டுபோக வழி இல்லை. தோட்டத்து மருத்துவிச்சி அம்மா தன்னால் ஆனதெல்லாம் செய்தார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். காலையில் பிறந்தவள் சாயங்காலத்துக்குள் போய்விட்டாள். அழவேயில்லை. மத்தியானம் போல ஒரே ஒரு தரம் கொட்டாவி விட்டாள். கொட்டாவி விடுகிற பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று நான் நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் அப்போது கொழும்பில் ஒரு கடையில் வேலை. செய்தி போய், பாதை திறந்து, அவர் வந்து சேர நான்கு நாளாகிவிட்டது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

எங்கள் லயங்களில், தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு பழக்கம் உண்டு. பல் முளைக்காத பிள்ளை செத்துப்போனால் பெரியவர்களைப் புதைக்கிற இடத்துக்குக் கொண்டுபோவதில்லை. ஆம்பிளைகள் இரண்டு பேர் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய் எங்கேயாவது தேயிலைக்குள் வைத்துவிட்டு வருவார்கள். இடத்தைத் தாய்க்கு மட்டும் சொல்லக் கூடாது. தாய் அங்கே போய் உட்கார்ந்துவிட்டால் அடுத்த பிள்ளை வயிற்றில் தங்காதாம். காலில் விழுந்து கேட்டாலும் வாய் திறக்க மாட்டார்கள். நாங்கள் மூன்று தலைமுறையாக வேதக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவர்கள். இந்த ஒரு விஷயத்தில் நாங்களும் லயத்துக்காரர்கள்தான்.

அதுகூடப் பெரிதில்லை. எங்கள் கோயிலில் ஜெபம் நடத்துகிற உபதேசியார் ஐயா இருந்தது தோட்டத்தின் மேல் டிவிஷனில். பாதை சரிந்து கிடந்ததால் அவரால் வர முடியவில்லை. ஒரு வார்த்தை ஜெபம் இல்லாமல் என் பிள்ளை மண்ணுக்குள் போனாள். பூனைக்குட்டியைப் புதைப்பது போல. அந்த நினைப்புதான் என்னை உள்ளே இருந்து அரித்தது. ஞானஸ்நானம் இல்லை, பெயர் இல்லை, ஜெபமும் இல்லை என்றால் அவளை யார் தேடி எடுத்துக்கொள்வார்கள்? எந்தக் கணக்கில் அவள் இருக்கிறாள்? இதை நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

ஆனால் நான் ஒன்றைப் பார்த்துவிட்டேன். அவர்கள் எடுத்துக்கொண்டு போன பிறகு எங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிரே ஆறாம் நம்பர் மலை. காற்று ஒரு நொடி பனியை விலக்கியது. கறுப்புப் பாறைக்குப் பக்கத்தில், ஒரு செடியடியில், இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் மம்பட்டியை ஓங்கினார். அவ்வளவுதான், பனி மூடிக்கொண்டது. மம்பட்டி ஓங்கியவர் எங்கள் லயத்து மாமா ஒருவர், அவர் அடுத்த மாதமே குடும்பத்தோடு கினிகத்தேனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குப் போய்விட்டார். கூடப் போனவர் அந்த வருஷமே காய்ச்சலில் இறந்தார். கேட்க ஆள் இல்லை. எனக்குக் கேட்கவும் தேவை இருக்கவில்லை.

பாதை திறந்ததும் உபதேசியார் ஐயா வந்தார். நல்ல மனிதர். நனைந்துபோன செருப்பை வாசலில் விட்டு, உள்ளே வந்து, பலகையில் உட்கார்ந்து, எல்லாம் ஆண்டவருடைய சித்தம் என்றார்.

"அந்தச் சித்தத்த ஒங்க வீட்டுலயே வச்சுக்கங்க ஐயா" என்றேன். தேத்தண்ணியும் கொடுக்கவில்லை. லயத்துக்கு வந்த ஒருவரைத் தேத்தண்ணி இல்லாமல் அனுப்புவது கன்னத்தில் அறைகிறதற்குச் சமம். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டார். அன்றோடு நான் கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன். ஆண்டவரோடு பேசுவதையும் நிறுத்தினேன். அவர் இல்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. இருக்கிற ஆளோடுதானே கோபித்துக்கொள்ள முடியும்?

மறுபடி கொழுந்து எடுக்கப் போனபோது ஆறாம் மலையின் முறை வந்தது. பாறைக்குப் பக்கத்துச் செடியிடம் வந்ததும் என் கை நின்றுவிட்டது. அதில் கொழுந்து கிள்ள எனக்கு முடியவில்லை. சுற்றிக்கொண்டு அடுத்த செடிக்குப் போனேன். எட்டு நாள் கழித்து அதே மலை திரும்பி வந்தது, அன்றும் அப்படியே. தேயிலை என்பது நாம் கிள்ளுவதால்தான் இடுப்பளவில் நிற்கிறது. விட்டால் அது மரம். மூன்று நான்கு மாதத்தில் அந்தச் செடி மற்றவற்றுக்கு மேல் தலையைத் தூக்கியது.

"ஏம்மா, அந்தச் செடி என்னா ஒன் மாமியாளா, கை வைக்கப் பயப்படுற?" என்று கங்காணி சத்தம் போட்டார். நான் அவரைப் பார்த்தேன். அந்தப் பார்வையில் என்ன இருந்ததோ, அவர் பாதைக்கு இறங்கிப் போய்விட்டார். பிறகு ஒரு நாள் கங்காணிக்கு மேலான கணக்கப்பிள்ளை ஐயா பார்த்துவிட்டு, அதை வெட்டச் சொல்லி ஒரு ஆளை அனுப்பினார். அந்த ஆள் கத்தியை ஓங்கினான், தன் பெருவிரலையே வெட்டிக்கொண்டான். அவன் காலையிலேயே குடித்துவிட்டு வந்தவன் என்பது எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் அன்று சாயங்காலமே நான்கு லயத்துக்கும் கதை பரவிவிட்டது. அதற்குப் பிறகு அந்தச் செடியை யாரும் தொடவில்லை. கணக்கப்பிள்ளை ஐயா அந்தப் பக்கம் பார்ப்பதைக்கூட விட்டுவிட்டார்.

அது வளர்ந்தது. ஒரு வருஷத்தில் மட்டத்துக்கு மேல் ஒரு முழம். இரண்டு வருஷத்தில் இன்னும் ஒரு முழம். வெட்டி ஒழுங்குபடுத்தின பாய் போலப் பரந்து கிடக்கிற தேயிலைக்கு நடுவே அது ஒன்று மட்டும் நின்றது. வெயில் நாளில் பார்த்தால் செடிதான். பனிக்குள் அப்படி இல்லை. மேலே இலை அடர்ந்து தலை மாதிரி, கீழே ஒல்லியாக, ஒரு பிள்ளை என் பக்கம் திரும்பி நிற்கிறது போலவே இருக்கும். காற்றில் அசைந்தால் அது ஒரு காலை மாற்றி வைக்கிறது என்று தோன்றும். மற்றப் பெண்கள் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவே மாட்டார்கள். எனக்குப் பயம் இல்லை. "எவ்வளவு வளந்துட்ட" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போவேன். இப்போது எழுதும்போதுதான் எனக்கு முதுகு சில்லிடுகிறது.

மூன்றாம் வருஷத் தொடக்கத்தில் செடியின் கிளையில் இரண்டு கறுப்பு வளையல் தொங்கியது. கைக்குழந்தை வளையல். நான் கட்டவில்லை.

அடுத்த முறை போனபோது ஊசி குத்திய சிவப்புத் துணி ஒன்று. அதற்கு அடுத்த முறை அடியில் ஒரு பால்மா டின் மூடி, அதில் கொஞ்சம் பால். விரலை வைத்துப் பார்த்தேன், இளஞ்சூடாக இருந்தது. சுற்றிலும் பனி, பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. பாலை நானே கொண்டுவந்து வைத்துவிட்டு மறந்துவிட்டேனோ என்று என் கூடைக்குள் போத்தலைத் தேடினேன். எனக்குப் புத்தி தடுமாறுகிறது என்று அன்று உண்மையாகவே நம்பினேன். வீட்டில் சொல்லவில்லை. வீட்டுக்காரர் மாதம் ஒரு தரம் வருகிறவர், வந்தாலும் நான் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. விடிந்தால் எழும்ப வேண்டுமே என்பதே பாரமாக இருந்த காலம் அது. வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைக் காம்பராவைத் தாண்டிப் போகக்கூட மாட்டேன், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குச் சுற்று வழியாகத்தான் போவேன். எட்டு நாளைக்கு ஒரு தரம் வருகிற ஆறாம் மலைக்காகத்தான் கூடையைத் தூக்கினேன்.

அடுத்த எட்டாம் நாளும் பனிதான். பத்து மணித் தேத்தண்ணிக்கு எல்லாரும் கீழே இறங்கினார்கள். நான் இறங்குவது போல இறங்கி, பாறைக்குப் பின்னால் நின்றுகொண்டேன். காலடிச் சத்தம் கேட்டது. இடுப்பில் கட்டுகிற சாக்குப் படங்கு உரசுகிற சத்தம். செடியடியில் ஒரு உருவம் குந்தியது.

பக்கத்து நிரை அக்கா. எனக்கும் அவருக்கும் லயத்துப் பொதுப் பீலியில் தண்ணீர் பிடிக்க வாரம் ஒரு சண்டை. வாய் என்றால் வாய், அந்த லயத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. அவர் மடியிலிருந்து சின்னப் போத்தலை எடுத்து மூடியில் பால் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்னாக்கா இது?" என்றேன்.

அவர் திடுக்கிட்டுப் பாலைக் கொட்டிவிட்டார். "பேய் மாதிரி வந்து நிக்கிறியேடி" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பிறகு செடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எனக்கு மூணு போச்சு. ஒண்ணுக்கும் எடம் தெரியாது. ஒனக்காவது ஒரு செடி இருக்கு. என்னோடதுக்கும் சேத்து இங்கயே வச்சிட்டுப் போறேன். கோவிச்சுக்காத."

மூன்று. பத்து வருஷமாகப் பக்கத்துக் காம்பரா, எனக்குத் தெரியாது. நான் தண்ணீருக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ஒங்க வேதத்துல பொதைக்கையில ஒண்ணு சொல்லுவாங்கல்ல" என்றார் அக்கா. "ஒங்க தாத்தா செத்தப்பக் கேட்டேன். மண்ணு போடுறதுக்கு முந்தி ஐயா கைய நீட்டிச் சொன்னாரு. மனசுக்கு நல்லா இருந்துச்சு. அத எம் புள்ளைங்களுக்குச் சொல்லேன்."

"நான் அவரோட பேசுறதில்லக்கா."

"யாரோட?"

"ஆண்டவரோட."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். சிரித்துவிட்டார். "ஒனக்காகவா பேசச் சொன்னேன்? எனக்காகப் பேசுடி. அடுத்த வீட்டு சங்கதின்னா பேசலாம்ல?"

தலையில் கொங்காணிச் சாக்கை இழுத்துவிட்டுக்கொண்டு, செடியைப் பார்த்து நின்று, "ஆண்டவரே, இது என் சங்கதி இல்ல" என்றுதான் ஆரம்பித்தேன். பக்கத்துக் காம்பரா அக்காவின் மூன்று பிள்ளைகள் எங்கேயோ கிடக்கிறார்கள், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் என்றேன். உபதேசியார் சொல்கிற அழகான வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை. அவ்வளவையும் ஒரு முறைப்பாடு கொடுக்கிற தொனியில் சொல்லிவிட்டு ஆமென் என்றேன். அக்காவும் ஆமென் என்றார். ஒரு மூச்சு விடும் நேரம் கழிந்தது. செடியின் அந்தப் பக்கத்திலிருந்து, இடுப்பு உயரத்திலிருந்து, இன்னொரு ஆமென் போல ஒன்று வந்தது.

அக்காவின் விரல் என் மணிக்கட்டில் பதிந்தது. "ஒனக்கும் கேக்குதா?" என்றார்.

"எத்தன நாளாக்கா ஒங்களுக்குக் கேக்குது?"

"மொத நாள்லருந்து" என்றார். நாங்கள் இரண்டு பேரும் ஓடவில்லை. கீழே இறங்கி ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்தோம்.

அக்காவிடம் சொன்னால் ரேடியோவில் சொன்ன மாதிரி. இரண்டு மாதத்துக்குள் ஆறேழு பேர் வர ஆரம்பித்தார்கள். எல்லாருக்கும் ஒன்று போயிருந்தது, சிலருக்கு இரண்டு. ஒருத்திக்கும் இடம் தெரியாது. அவர்கள் வேதக்காரிகள் இல்லை, அம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிற பெண்கள். ஆறாம் மலையில் மட்டும் என் பக்கத்தில் வந்து தலையைக் குனிந்து நிற்பார்கள். நான் ஒவ்வொருத்திக்காகவும் சொல்வேன். பேச்சு நின்றுபோன புருஷனுக்குப் பிள்ளை மூலமாகச் சேதி சொல்லி அனுப்புகிற பெண்டாட்டி மாதிரிதான் என் ஜெபம். மற்றவர்கள் காரியத்துக்கு வாய் நீளும். என் மகளைப் பற்றி ஒரு சொல் சொல்ல மாட்டேன். அவர் ஆரம்பிக்கட்டும் என்ற வீம்பு.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். இன்னொருத்திக்காகப் பேச வேண்டும் என்றால் அவளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நான் கேட்க ஆரம்பித்தேன், அவர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். கூடை இறக்குகிற இடத்தில் தனியாக உட்கார்ந்துகொண்டிருந்தவள் நடுவில் உட்கார ஆரம்பித்தேன். ஒரு நாள் அக்கா கணக்கப்பிள்ளை ஐயாவைப் போல நடந்து காட்டியபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகுதான் மூன்று வருஷமாகச் சிரிக்கவில்லை என்பது தெரிந்தது. அது எனக்குக் குற்றமாகப் பட்டது. அந்த வாரம் செடியைப் பார்க்க வெட்கப்பட்டேன்.

இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலத்தில், ஒரு நாள் காலைப் பெரட்டில் கணக்கப்பிள்ளை ஐயா ஆறாம் நம்பர் மலை கவாத்துக்கு வந்துவிட்டது என்றார். நான்கைந்து வருஷத்துக்கு ஒரு தரம் ஒரு மலையைத் தேர்ந்தெடுத்து எல்லாச் செடியையும் முழங்கால் அளவுக்கு வெட்டி விடுவார்கள், அதுதான் கவாத்து. வெட்டின மலை சுடுகாடு மாதிரிக் கிடக்கும். "வெளித்தோட்டத்து ஆளுங்க வர்றாங்க. பாறைக்கிட்ட இருக்கிற அந்த மரத்தையும் சேத்துத்தான்" என்று என்னைப் பார்க்காமலே சொன்னார்.

செடி அப்போது என் தலைக்கு மேல் ஒரு சாண் இருந்தது. அது என் மகள் இல்லை என்று எனக்குத் தெரியும், நான் முழுப் பைத்தியம் இல்லை. ஆனால் அவளுடையது என்று இந்த உலகத்தில் எனக்கு இருந்தது அது ஒன்றுதான். அன்று வீட்டுக்கு வந்து, அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்து, நான்கு வருஷத்துக்குப் பிறகு முதல் தரமாக ஆண்டவரிடம் என் சொந்தச் சங்கதியைச் சொன்னேன். அதை ஜெபம் என்று சொல்ல மாட்டேன். "ஜெபமில்லாம எடுத்தீங்க, பேசாம இருந்தேன். இந்தச் செடியையும் எடுத்தீங்கன்னா இத்தோட சரி. யாருக்காகவும் இனிமே வாய் தொறக்க மாட்டேன்" என்றேன். சொன்னதைச் செய்கிறவள் நான். அது அவருக்கும் தெரியும்.

கவாத்து நாள் காலையில் நான் வேலைக்குப் போகவில்லை. நேரே ஆறாம் மலைக்கு ஏறினேன். பின்னால் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டுத் திரும்பினால் அக்கா. "ஒன்ன மட்டும் விட்ருவனா?" என்றார். அவருடைய மூன்றும் அங்கேதானே இருந்தது.

செடியில் முதுகைச் சாய்த்து நின்றேன். பனி அடர்த்தி. ஆட்கள் தெரியவில்லை. கத்திச் சத்தம் மட்டும் வந்தது. சரக், சரக் என்று முதலில் கீழே, பிறகு இடது பக்கம், பிறகு கொஞ்சம் மேலே. பேச்சு இல்லை, இருமல் இல்லை. வெட்டின செடிகளின் பச்சை வாசம் மட்டும் எங்களுக்கு முன்னால் ஏறி வந்தது. சத்தம் கிட்டே வரவரச் செடி என் முதுகில் அசைந்தது. காற்று இல்லை. என் நடுக்கம்தான் அது என்று இப்போது சொல்வேன், அன்றைக்குச் சொல்லியிருக்க மாட்டேன்.

பனிக்குள்ளிருந்து தலையில் சாக்குப் போட்ட ஒரு ஆள் கத்தியோடு வந்து நின்றார். என்னைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் வைத்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். என் பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போன அதே மாமா.

"நீ இங்க என்னாம்மா செய்ற?"

"இத வெட்டாதீங்க மாமா. நீங்கதான வச்சீங்க. ஒங்களுக்குத் தெரியாதா?"

அவர் செடியைப் பார்த்தார். கிளையில் தொங்கிய வளையல்களைப் பார்த்தார். துணிகளை, டின் மூடியை, பாறையை, மறுபடி என்னைப் பார்த்தார். அவருக்கு விளங்குவதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"இங்க இல்லம்மா" என்றார்.

"பொய் சொல்லாதீங்க. நான் பாத்தேன். இந்த எடத்துலதான் மம்பட்டி போட்டீங்க."

"போட்டோம். அடியில பூராப் பாறை. மம்பட்டி எறங்கல. எடுத்துக்கிட்டுப் போயிட்டோம். இங்க ஒண்ணுமே இல்ல தாயி, வெறும் கல்லு."

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. நான்கு வருஷம். வெறும் கல்லுக்கு. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப எங்க?"

சொல்லக் கூடாது என்பது அவர் முகத்தில் எழுதி இருந்தது. அக்காதான் வாயைத் திறந்தார். "இன்னும் எதுக்கு மாமா மறைக்கிறீங்க? சொல்லாம இருந்து மட்டும் இவ வயித்துல என்னா தங்கிச்சு?"

மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்க கூடை எறக்குற எடம் இருக்கில்ல, பாதையோரமா, அந்தப் புல்லுத் தரை. அங்கதான். சின்னப் புள்ள, பாறையடியில தனியாக் கெடக்க வேணாம்னு தோணுச்சு. அங்கன்னா பொம்பளைங்க பேச்சு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும்."

நாங்கள் தேத்தண்ணி குடிக்கிற இடம். ரொட்டியைப் பிய்த்துப் பங்கு வைக்கிற இடம். நான் சிரித்ததற்காக வெட்கப்பட்ட இடம்.

என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஒரு வார்த்த ஜெபம் இல்லாமத்தான வச்சீங்க மாமா?"

"ஒங்க மொறை எனக்கு என்னாம்மா தெரியும்?" என்றார். "ஆனா வேதக்கார வீட்டுப் புள்ளய சும்மா வச்சிட்டு வர மனசு வரல. மழை கொட்டுது. தலைச் சாக்கை எடுத்துட்டு, ஒங்க ஆளுங்க செய்ற மாதிரிக் கைய நீட்டிச் சொன்னேன். சாமி, இது ஒங்க புள்ள. எடத்த நான் இவ தாய்க்குச் சொல்லப் போறதில்ல. ஒங்களுக்குத் தெரியும்ல, நீங்க பாத்துக்கங்க. அவ்வளவுதான் சொன்னேன். தப்பா?"

நான் அந்த வெட்டுப்பட்ட மலையில் உட்கார்ந்து அழுதேன். பிள்ளை போனதற்கு அப்படி நான் அழுததில்லை. மாமா ஜெபம் சொல்லியிருக்கிறார். என் கோபம் தொடங்குவதற்கு முன்பே, உபதேசியார் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, வேதம் தெரியாத ஒரு மனிதர் மழையில் நனைந்துகொண்டு என் மகளை ஆண்டவர் கையில் ஒப்படைத்திருக்கிறார். ஈஸ்டர் விடியற்காலையில் வருஷா வருஷம் கோயிலில் கேட்ட கதை எனக்கு நினைவு வந்தது. பெண்கள் சிலர் செத்தவரைத் தேடிக் கல்லறைக்குப் போகிறார்கள், தேடி வந்தவர் அங்கே இல்லை என்று அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. சின்ன வயதில் அந்த இடத்தில் நான் கொட்டாவி விடுவேன். அந்தப் பெண்களுக்கு அப்போது காது அடைத்திருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"வெட்டுங்க மாமா" என்றேன்.

அக்கா வளையல்களையும் துணிகளையும் ஒவ்வொன்றாக அவிழ்த்து மடியில் கட்டிக்கொண்டார். அவர் பிள்ளைகளுக்கு இருந்த ஒரே இடமும்தான் போகிறது. "ஒங்களுதுக்கு என்னாக்கா செய்றது?" என்று கேட்டேன். அவர் மடி முடிச்சை இறுக்கினார். "எம் புள்ளைங்களையும் இந்த மாதிரி ஒருத்தன்தான எடுத்துக்கிட்டுப் போயிருப்பான். அவனும் எதாச்சும் சொல்லித்தான் வச்சிருப்பான்" என்றார். இரண்டு வெட்டில் செடி சாய்ந்தது. அடிக்கட்டை ஈரமாக, வெள்ளையாக இருந்தது. அது நின்ற இடத்தில் வெறும் பனி.

கீழே இறங்கி அந்தப் புல்தரைக்குப் போய் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். ஒரு அடையாளமும் இல்லை. யாரோ துப்பின வெற்றிலை, ஒரு அறுந்த கூடைக் கயிறு. பனி மறுபடி மூடிக்கொண்டது. எதிர்மலையில் மற்றவர்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். "ஆளு இருக்கா?" என்ற கங்காணியின் சத்தம் தூரத்தில் கேட்டது. இருக்கேன், இருக்கேன் என்று குரல்கள் ஒவ்வொன்றாக வந்தன. பதினாறு வந்து நின்றது. அக்கா பழக்க தோஷத்தில் "இருக்கேன்" என்றார்.

பிறகு நான் சொன்னேன். கங்காணிக்கு அங்கிருந்து கேட்டிருக்காது. நான் அவருக்குச் சொல்லவும் இல்லை. நான்கு வருஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தவள், யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவருக்கு, எனக்காக, "இருக்கேன்" என்றேன்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அக்காவும் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. அடுத்த வருஷம் வெட்டின செடிகள் தளிர்த்து, மட்டம் கட்டி, மறுபடி நாங்கள் ஆறாம் மலைக்குக் கூடை தூக்கினோம். பனி அதே பனி, பாறை அதே பாறை, என் நிரையும் அதே கடைசி நிரைதான். அதற்குப் பிறகு அங்கே எப்போது எண்ணினாலும் பதினெட்டுதான்.